உலக வங்கி பற்றி ‘மக்கள் கருத்து’ என்றால், எந்த மக்கள்?

“மக்களுக்கு வேலைவாய்ப்புதான் முதல் தேவை, உலக வங்கி மீது நம்பிக்கை கூடியிருக்கிறது” என்ற மாதிரி ஒரு தலைப்பு வந்தால் போதும், உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். மக்களே கேட்கிறார்கள், கடனை வாங்கி வேலையைப் பாருங்கள் என்பது ஒரு கட்சி. இதெல்லாம் அவர்களே நடத்திக்கொண்ட கணிப்பு, நாட்டை அடகு வைக்கிறார்கள் என்பது இன்னொரு கட்சி. யாரைக் கேட்டார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள் என்று இரண்டு பக்கமும் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. எனக்கு இது உண்மையிலேயே வருத்தமான விஷயம். இந்தக் கடனைப் பல ஆண்டுகளுக்கு வரியாகக் கட்டப்போகிறவர்களில் பெரும்பாலானவர்களிடம் யாரும் வந்து எதையும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனால் அவர்கள் பெயரில்தான் சண்டை நடக்கிறது.

ஆகவே அடியிலிருந்து தொடங்கலாம்.

முன்னுரிமை வேறு, தேவை வேறு

ஒரு வீட்டில் கூரை ஒழுகுகிறது. பெரியவருக்குக் கண் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். பழைய கடன் ஒன்றுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறது. இதில் எதெல்லாம் முக்கியம் என்று வீட்டில் ஒவ்வொருவரையும் கேட்டால், எல்லாமே முக்கியம் என்றுதான் சொல்வார்கள். கையில் இருப்பது ஒன்றுக்குத்தான் வரும், எதை முதலில் செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் பேச்சே தொடங்கும், பதிலும் ஆளுக்கு ஆள் மாறும்.

வளர்ச்சி முன்னுரிமை என்பது இந்த இரண்டாவது கேள்விக்கான பதில். பணமும் ஆட்களும் காலமும் எல்லாவற்றுக்கும் போதாதபோது ஒரு நாடு எதை முதலில் எடுக்க வேண்டும் என்ற வரிசைதான் அது. கருத்துக்கணிப்பு இரண்டு கேள்விகளில் எதைக் கேட்டது என்று தெரியாமல் முடிவை மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம்.

இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. அடுத்த வளர்ச்சி இலக்குகளை வகுப்பதற்கு முன்னால், 2013 முதல் 2015 வரை ஐக்கிய நாடுகள் அமைப்பு ‘மை வேர்ல்ட்’ என்று ஒரு உலகளாவிய கணிப்பு நடத்தியது. 16 விஷயங்கள் கொண்ட பட்டியலிலிருந்து உங்களுக்கும் உங்கள் குடும்பத்துக்கும் மிக முக்கியமான ஆறைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் கேள்வி. ஏறக்குறைய 97 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். நல்ல கல்வி முதலிடத்துக்கு வந்தது, பருவநிலை மாற்றத்துக்கு எதிரான நடவடிக்கை கடைசி இடத்துக்குப் போனது. அதை வைத்துக்கொண்டு, உலக மக்களுக்குப் பருவநிலை பற்றிக் கவலையே இல்லை என்று பேசியவர்கள் உண்டு.

ஆனால் 16-இல் ஆறு என்றால் பத்தை விட்டே ஆக வேண்டும். விட்டதெல்லாம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை: மழை பொய்த்து விளைச்சல் போன ஒரு விவசாயி அந்தப் பட்டியலைப் பார்த்தால் உணவைத் தொடுவார், தண்ணீரைத் தொடுவார், வேலையைத் தொடுவார். அவருக்கு வந்த துன்பத்தின் வேர் பருவநிலையில் இருக்கலாம், ஆனால் அவர் சொல்வது வலிக்கிற இடத்தை. பொதுவாக மக்கள் சொல்வது வலியை, அதன் காரணத்தை அல்ல. காரணத்தைத் தேடுவது ஆய்வாளர்களின் வேலை.

இதே காரணத்தால், ஏற்கெனவே தீர்ந்துபோன பிரச்சினை பட்டியலில் வராது. மின்சாரம் தடையில்லாமல் வருகிற இடத்தில் மின்சாரம் வேண்டும் என்று யார் சொல்லப்போகிறார்கள்? அதை வைத்து அங்கே மின்சாரத்துக்கு மதிப்பில்லை என்று முடிவுகட்ட முடியுமா?

அப்புறம், கேள்வியின் வடிவம். பட்டியலைக் கையில் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஒரு வகை. எதையும் கொடுக்காமல் நீங்களே சொல்லுங்கள் என்பது இன்னொரு வகை. ஆப்பிரிக்க நாடுகளில் 1999-இலிருந்து கணிப்பு நடத்திவரும் ஆஃப்ரோபாரோமீட்டர், இந்த இரண்டாவது வகையில் கேட்கிறது: அரசு கவனிக்க வேண்டிய மிக முக்கியமான பிரச்சினைகள் எவை? மூன்று பதில் வரை சொல்லலாம். அப்படிக் கேட்டுத்தான் அங்கே பல சுற்றுகளில் வேலையின்மை முதலிடத்துக்கு வந்தது. யாரும் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை என்பதால் அந்தப் பதிலுக்குக் கனம் அதிகம். மூன்றாவது வகையில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். அதில் எல்லாவற்றுக்கும் ஒன்பது போடுகிறவர்கள் நிறைய. மனிதர்கள் தாராள மனசோடு போடுவார்கள், வரிசை கிடைக்காது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: முன்னுரிமை என்பது ஒன்றை எடுக்க இன்னொன்றைத் தள்ளிவைப்பது. கேள்வி அதைச் செய்யச் சொன்னதா என்று பார்த்த பிறகே பதிலுக்குப் போக வேண்டும்.

கடன் கொடுப்பவர் என்றால் யார்?

இங்கேதான் குழப்பம் மிக அதிகம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் பங்குப்பணம் போடுகிறார்கள். அந்தப் பங்கின் பலத்தைக் காட்டிச் சங்கம் வெளியே குறைந்த வட்டிக்குப் பணம் திரட்டுகிறது. அதைத் தேவைப்படுகிற உறுப்பினருக்கு, அவர் தனியாகப் போய் வாங்கினால் கட்ட வேண்டியதைவிடக் குறைந்த வட்டியில் கொடுக்கிறது. உலக வங்கியின் முதன்மைப் பிரிவு ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. உறுப்பினர்கள் நாடுகள் என்பதுதான் வேறுபாடு.

1944-இல் அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸில் 44 நாடுகள் கூடிப் பேசியதில் உருவானது அது. போரில் சிதைந்த நாடுகளைத் திரும்பக் கட்டுவதுதான் முதல் நோக்கம். அதனால்தான் அந்தப் பிரிவின் பெயரில் ‘மறுசீரமைப்பு’ என்ற சொல் இன்னும் இருக்கிறது. 1947-இல் முதல் கடனை வாங்கியது பிரான்ஸ், 25 கோடி டாலர். ஏழை நாடுகளுக்காகத் தொடங்கியது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

வங்கி கொடுக்கிற பணத்தின் பெரும்பகுதி கடன் பத்திரம் விற்றுத் திரட்டுவது. கடன் பத்திரம் என்றால், இவ்வளவு தொகையை இந்த வட்டியோடு இந்தத் தேதியில் திருப்பித் தருகிறேன் என்று எழுதி விற்கிற தாள். ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வாங்கி வைத்துக்கொள்ளும். மிக ஏழை நாடுகளால் அந்த வட்டியையும் தாங்க முடியாது என்பதால் 1960-இல் பன்னாட்டு வளர்ச்சிச் சங்கம் என்று தனிப் பிரிவு வந்தது. அது தருவது சலுகைக் கடன்: வட்டி இல்லை அல்லது மிகக் குறைவு, திருப்பிக் கட்ட முப்பது ஆண்டு, அதற்கும் மேல். வசதியுள்ள நாடுகள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை போடுகிற பணம் இதற்குப் பெரிய ஆதாரம்.

பன்னாட்டு நாணய நிதியம், அதாவது ஐ.எம்.எஃப்., இன்னொரு நிறுவனம். பிறந்த இடம் ஒன்றுதான், வேலை வேறு. வீடு கட்டக் கடன் கொடுப்பவரும், கையில் காசே இல்லாமல் முடங்கிப்போன நேரத்தில் சில கண்டிப்புகளோடு கைகொடுப்பவரும் ஒருவரே அல்லவே. ஒரு நாட்டிடம் இறக்குமதிக்கும் வெளிக்கடனுக்கும் கொடுக்க வெளிநாட்டுப் பணம் தீர்ந்துபோகும்போது வருவது நாணய நிதியம். மானியக் குறைப்பு, வரி உயர்வு என்று மக்களை நேரடியாகச் சுடுகிற நிபந்தனைகள் பெரும்பாலும் அந்த வழியில் வருபவை. உலக வங்கியும் 1980-களில் பொருளாதாரக் கொள்கை மாற்றங்களை நிபந்தனையாக வைத்துக் கடன் கொடுத்திருக்கிறது, ஆகவே அதற்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டையும் ஒரே பெயரில் திட்டினால், கணிப்பில் வருகிற பதில் யாரைப் பற்றியது என்று சொல்ல முடியாமல் போகிறது.

இவை போக வட்டார வங்கிகள் உண்டு. அமெரிக்கக் கண்டங்களுக்கான வங்கி 1959-இல் வந்தது, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி 1964-இல், மணிலாவில் இருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி 1966-இல், பெய்ஜிங்கில் இருந்து இயங்கும் ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி 2016-இல். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேராகக் கொடுப்பது இருதரப்புக் கடன், அது வேறு கதை. பேச்சுவழக்கில் இதெல்லாம் சேர்ந்து “வெளிநாட்டுக் கடன்” என்ற ஒரே மூட்டைக்குள் போய்விடுகிறது.

இன்னும் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும். முதலாவது, வங்கி சாலை போடுவதில்லை. கடன் வாங்குவது அரசு, டெண்டர் விடுவது அரசு, வேலையை மேற்பார்ப்பது அரசு, கடைசியில் கட்டுவதும் அரசுதான். வங்கி தன் கொள்முதல் விதிகளை வைக்கும், வேலை நடக்க நடக்கப் பணத்தை விடும். சாலை ஒரே மழையில் பெயர்ந்தால் யாரைக் கேட்பது என்ற கேள்விக்கு இதனால் நேரான பதில் கிடைப்பதில்லை. இரண்டாவது, கூட்டுறவுச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. இங்கே பங்குக்கு ஏற்ற வாக்கு. உலக வங்கியிலும் நாணய நிதியத்திலும் அமைப்பு விதிகளைத் திருத்த 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. அது வேண்டாம் என்றால் நடக்காது. மக்கள் கருத்து எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது போய்ச் சேருகிற மேசையில் நாற்காலிகள் ஒரே உயரத்தில் இல்லை, இதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை.

பானையும் ஒரு சோறும்

சரி, இப்போது கணிப்புக்கு வருவோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். கருத்துக்கணிப்பின் முழுத் தத்துவமும் அதில் இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு: பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். அடி பிடித்து, மேலே அரிசியாகக் கிடக்கிற பானையில் மேலாக ஒன்றை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மனிதர்கள் ஒருபோதும் சீராக வெந்த பானை அல்ல. ஊருக்கு ஊர், வயதுக்கு வயது, வருமானத்துக்கு வருமானம் கருத்து மாறும். அதனால் பானையின் எல்லா மூலையிலிருந்தும், யாரும் விருப்பப்படி பொறுக்காமல், எடுக்க வேண்டும்.

இப்படி நாட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்கும்படி எடுக்கிற சிறு கூட்டத்துக்கு சமவாய்ப்பு மாதிரி என்று பெயர். ஆஃப்ரோபாரோமீட்டர் ஒரு நாட்டில் 1,200 பேரை, சில நாடுகளில் 2,400 பேரை, நேரில் போய் அவரவர் மொழியில் கேட்கிறது. 1,200 பேர் என்றால் பிழை வரம்பு சுமார் 3 சதவீதம். அதாவது முடிவு 60 என்று வந்தால், நாடு முழுவதையும் கேட்டிருந்தால் அது ஏறக்குறைய 57-க்கும் 63-க்கும் நடுவில் இருந்திருக்கும் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். நாட்டின் மக்கள்தொகை ஒரு கோடியா பத்துக் கோடியா என்பது இதில் பெரிதாக எதையும் மாற்றாது. நம்பக் கடினமாக இருக்கும், ஆனால் கணக்கு அப்படித்தான்.

மறுபக்கம், மை வேர்ல்டின் 97 லட்சம். அதில் யார் வேண்டுமானாலும் வந்து வாக்களிக்கலாம், தன்னார்வலர்கள் சென்று சேர்ந்த இடங்களிலிருந்தும் வாக்கு வந்தது. அது பெரிய கூட்டம், ஆனால் உலகத்தின் மாதிரி அல்ல. சரியாக எடுத்த 1,200 பேர் சொல்வதை ஒரு நாட்டைப் பற்றி நம்பலாம். தாமாக வந்த லட்சக்கணக்கானவர்கள், தாங்கள் வந்தார்கள் என்பதை மட்டும்தான் உறுதியாகச் சொல்கிறார்கள்.

இப்போது முதலில் சொன்ன தலைப்புக்கு வருகிறேன். உலக வங்கி தன் கடனாளி நாடுகளில் ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கருத்துக் கணிப்பு நடத்துகிறது. அந்த நாட்டின் வளர்ச்சிக்கு எது முக்கியம், வங்கி எவ்வளவு பயனுள்ளதாக இருக்கிறது, அதன் பலம் என்ன, பலவீனம் என்ன என்றெல்லாம் கேட்கிறது. யாரை? அமைச்சக அதிகாரிகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உள்ளாட்சிப் பொறுப்பாளர்கள், தொழில்துறையினர், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகையாளர்கள், பேராசிரியர்கள், மற்ற உதவி அமைப்புகளின் ஆட்கள். வங்கியின் வேலையோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர்கள். தெருவில் போகிற மனிதரை அல்ல.

இதில் தவறு இல்லை. ஒரு நிறுவனம் தன்னோடு வேலை செய்கிறவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்பது நல்ல பழக்கம், முடிவுகளை வங்கி வெளியிடவும் செய்கிறது. பொதுமக்கள் என்று அந்த அறிக்கை சொல்லாததைத் தலைப்பு சொல்லும்போதுதான் பிழை நடக்கிறது. தொடர்புடையோர் கருத்து என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் பாதிச் சண்டை இருக்காது.

சுருக்கமாக: எத்தனை பேர் என்பதைவிட எப்படித் தேர்ந்தெடுத்தவர்கள் என்பது முக்கியம். வங்கியின் சொந்தக் கணிப்பும் பொதுமக்கள் கணிப்பும் இரண்டு வேறு பானைகள்.

தெரியாது என்பவர்கள் எங்கே போனார்கள்?

கணக்குக்காக ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். 1,000 பேரிடம் ஒரு வளர்ச்சி வங்கியைப் பற்றிக் கேட்கிறோம். 600 பேர் அதைப் பற்றித் தெரியாது என்கிறார்கள். மீதி 400 பேரில் 280 பேர் நல்லது என்கிறார்கள். இதை “70 சதவீதம் பேர் ஆதரவு” என்றும் எழுதலாம், “28 சதவீதம் பேர்தான் ஆதரவு” என்றும் எழுதலாம். இரண்டும் சரியான கணக்கு. உண்மையில் அந்தக் கணிப்பின் பெரிய செய்தி 600 என்ற எண், அதைத்தான் யாரும் தலைப்பாகப் போடுவதில்லை.

வங்கியோடு தினமும் பழகாத ஒருவரிடம் அதைப் பற்றிக் கேட்டால் அவர் வேறு எதையாவது வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். பெரும்பாலும் அது அவருடைய சொந்த அரசு. அரசை நம்பாதவர் இரண்டு விதமாகப் போகலாம்: வெளியார் கண்காணித்தாலாவது பணம் ஒழுங்காகப் போகும் என்று வங்கியை வரவேற்கலாம், அல்லது இந்த அரசுக்குப் போய்க் கொடுக்கிறார்களே என்று வங்கி மீதே கோபப்படலாம். ஒரே அவநம்பிக்கை, எதிரெதிர் பதில்கள். “உதவி” என்று கேட்டால் ஒரு பதில், “கடன்” என்று கேட்டால் வேறு பதில் வரவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் கடன் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று அரசே முடிவெடுக்க வேண்டுமா, கொடுப்பவர் கடுமையான விதி வைக்க வேண்டுமா என்று ஆஃப்ரோபாரோமீட்டர் நேராகப் பிரித்துக் கேட்டது எனக்குப் பிடித்த அணுகுமுறை. வங்கி நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிட அதில் ஒருவர் தன் அனுபவத்திலிருந்து பதில் சொல்ல இடம் இருக்கிறது.

பெரும்பான்மையின் கருத்தும் வீட்டை இழப்பவரும்

எல்லாவற்றையும் சரியாகச் செய்த கணிப்புக்கும் ஒரு எல்லை உண்டு. என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தின் நடுநாடி இதுதான்.

1985-இல் நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணைக்காக உலக வங்கி இந்தியாவுக்கு 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. பாசனமும் குடிநீரும் மின்சாரமும் எவ்வளவு அவசியம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நாடு தழுவிய கணிப்பு ஒன்று நடத்தி அணை வேண்டுமா என்று கேட்டிருந்தால், தண்ணீர் பெறப்போகிறவர்களும் எந்தப் பாதிப்பும் இல்லாதவர்களுமாகச் சேர்ந்து வேண்டும் என்றே பெரும்பான்மை வந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீரில் மூழ்கப்போகிற கிராமங்களின் மக்கள் அந்த மாதிரியில் ஒரு சதவீதம்கூடத் தேறமாட்டார்கள், பிழை வரம்புக்குள்ளேயே கரைந்துபோயிருப்பார்கள். கணிப்பு ஒவ்வொரு தலையையும் ஒன்றாக எண்ணுகிறது. சுமையோ எல்லார் தலையிலும் ஒன்றாக விழுவதில்லை.

அவர்களின் குரல் கணிப்பு வழியாக வரவில்லை, போராட்டத்தின் வழியாக வந்தது. அந்த அழுத்தத்தில் வங்கி ஒரு சுயேச்சைக் குழுவை அமைத்தது. பிராட்ஃபோர்ட் மோர்ஸ் தலைமையிலான அந்தக் குழு 1992-இல் கொடுத்த அறிக்கை, மறுவாழ்வு ஏற்பாடுகளிலும் சுற்றுச்சூழல் ஆய்விலும் இருந்த குறைகளைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசு சொல்லிவிட்டது, அணை வேலை நாட்டின் சொந்தப் பணத்தில் தொடர்ந்தது. அதே ஆண்டு உலக வங்கி ஆய்வுக் குழாம் என்ற அமைப்பை உருவாக்கியது. வங்கியின் பணத்தில் நடக்கும் திட்டத்தால் பாதிக்கப்படுகிற இரண்டு பேர் சேர்ந்தால் போதும், வங்கி தன் சொந்த விதிகளை மீறிவிட்டது என்று அங்கே முறையிடலாம். அதன் முதல் வழக்கு நேபாளத்தின் அருண் நீர்மின் திட்டம். முறையீடு 1994-இல் போனது, 1995-இல் வங்கி அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

இரண்டு பேர் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பேன். 1,200 பேரின் சராசரியில் காணாமல்போகிற இரண்டு பேருக்குத் தனியாக ஒரு வாசல் வேண்டியிருந்தது, அதற்குச் சண்டை போட வேண்டியிருந்தது. நாட்டுக்கு எது முதலில் வேண்டும் என்று அறியக் கணிப்பு வேண்டும். அதற்காக யாருடைய நிலத்தை எடுக்கிறோம் என்பதற்கு அந்த நிலத்துக்காரரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றுக்குப் பதில் சொல்லிவிட்டதாகக் காட்டுவது அநியாயம்.

அறிக்கையைப் பின்பக்கத்திலிருந்து படியுங்கள்

அடுத்த முறை இப்படி ஒரு கணிப்பு வந்தால் தலைப்பை நம்பவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். மூல அறிக்கையைத் தேடி எடுத்துக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பெரும்பாலான நல்ல கணிப்புகள் கேட்ட கேள்விகளை அப்படியே பின்னிணைப்பில் தருகின்றன, அல்லது தனிக் கோப்பாக வெளியிடுகின்றன. கேள்வியை முதலில் படித்து, நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு யாரைக் கேட்டார்கள் என்ற பகுதியைப் பாருங்கள், உங்களைப் போன்ற ஒருவர் அதில் இருந்திருக்க முடியுமா என்று. தெரியாது என்றவர்களின் எண்ணிக்கை எந்த அட்டவணையின் எந்த மூலையில் இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் முதல் பக்கத்துக்கு வாருங்கள்.